மந்தைமேட்டுக் கிணற்று நீரும் காலனிக் கிணற்று நீரும்

அனுப்புநர்:
ம. சக்கரபாணி, பி.ஏ., பி.எல்.,
வழக்கறிஞர், முன்சீப் நீதிமன்றம், திண்டிவனம்.
இருப்பிடம்: நொச்சித்தாங்கல் கிராமம், திண்டிவனம் தாலுகா, தென்னாற்காடு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தென்னாற்காடு மாவட்டம், கடலூர்.
முகாம்: விழுப்புரம்.

பொருள்: குடிநீர் – நொச்சித்தாங்கல் கிராமம் – மந்தைமேட்டுப் பொதுக் கிணற்று நீரால் கைக்குழந்தைகளுக்கு நேரிடும் உயிராபத்து – காலனிக் கிணற்றை 1-7-1965 அன்று மூடும் உத்தரவை நிறுத்திவைக்க வேண்டுவது குறித்து.

பார்வை: 1. காலனிக் கிணற்றை மூடுவது பற்றிய பஞ்சாயத்து ஒன்றிய அலுவலக அறிவிப்பு. 2. ஊரார் சார்பில் நான் முன்னர் அனுப்பிய மனுக்கள் இரண்டும் அவற்றுக்கு வந்த பதில்களும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பிறருக்காக மனு எழுதுவது என் தொழில். பார்வையில் கண்ட முந்தைய மனுக்களை ஊருக்காக எழுதினேன். என் வீட்டுக்காகவும் சேர்த்து எழுதுவது இதுவே முதல் தடவை. ஆகவே எங்கேனும் சொல் அளவு மீறியிருந்தால், அதை மரியாதைக் குறைவாகக் கொள்ளாமல், காலம் குறைவாக இருப்பவனின் பதற்றமாகக் கொள்ளுமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். நான் மருத்துவனல்லன், ரசாயனம் கற்றவனுமல்லன். ஆதலால் இம்மனுவில் நான் நேரில் கண்டது இன்னது, பிறர் சொல்லக் கேட்டது இன்னது, என் ஊகம் இன்னது என்று பிரித்துக் காட்டியே எழுதுகிறேன்.

2. எங்கள் ஊரார் முன்பு ஏரிக்குக் கிழக்கேயுள்ள குட்டையில் குடிநீர் எடுத்து வந்தனர். 1959-ஆம் ஆண்டு கோடையில் அந்தக் குட்டை நீரால் காலரா பரவிப் பல வீடுகளில் சாவு விழுந்தது. அதன்பின் அரசு குட்டையை அடைத்து, ஊரின் நடுவே மந்தைமேட்டில் புதிய கிணறு வெட்டிக் கொடுத்தது. கருங்கல் சுற்றுச்சுவர், சிமெண்டுத் தளம், நான்கு பக்கமும் உருளைகள் என்று அதன் அமைப்பில் குறையொன்றும் இல்லை. மருந்துத் தூளும் தவறாமல் போடப்படுகிறது. நீர் தெளிவாக இருக்கிறது, கோடையிலும் வற்றுவதில்லை, அதற்குப் பிறகு எங்கள் ஊரில் காலரா வந்ததுமில்லை. இந்த நன்மையை மறைத்துவிட்டு வாதாட நான் விரும்பவில்லை.

3. ஆனால் கிணறு அமைந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக எங்கள் ஊர் மாடுகள் மேய்ச்சலுக்குப் புறப்படுமுன் கூடி நின்றதும், மாலையில் திரும்பி அடைந்ததும் அந்த மேட்டில்தான். சாணமும் கோமியமும் ஊறி ஊறி அந்த மண் கருத்துக் கிடக்கும். முன்காலத்தில் கோயில் திருவிழாவுக்கு வாணவேடிக்கை செய்ய வந்தவர்கள், வெடியுப்புக் காய்ச்சுவதற்கு அந்த மேட்டு மண்ணைத்தான் சுரண்டிக்கொண்டு போவார்கள். இது எவரும் ஒளித்து வைத்த செய்தியன்று. ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்திருந்தும் எங்களில் ஒருவருக்கும், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்த மண்ணின் அடியில் ஊறும் நீரைப் பற்றி ஒரு சந்தேகமும் எழவில்லை. கிணறு வீட்டுக்குப் பக்கத்தில் வருகிறது என்ற மகிழ்ச்சிதான் இருந்தது.

4. கிணறு வந்த மறு ஆண்டிலிருந்து கைக்குழந்தைகளுக்கு ஒரு நோய் காணலாயிற்று. காய்ச்சல் இராது, வயிற்றுப்போக்கும் எப்போதும் இருப்பதில்லை. முதலில் உதடும் நகக்கண்ணும் சாம்பல் நிறமாகும்; பிறகு நாவற்பழம் தின்ற வாய் போல நீலமாகும். குழந்தை பாலை மறந்து சோர்ந்து கிடக்கும், மூச்சு வாங்கும். எங்கள் ஊரில் இதை நீலம் பாய்ந்தது என்கிறார்கள். இதுவரை மூன்று குழந்தைகள் இறந்துள்ளன. முதலாவது, என் பக்கத்து வீட்டு விதவை கெங்கம்மாளின் மகள் செண்பகத்துக்குப் பிறந்த ஆண் குழந்தை. இன்னொன்று எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் முருகையனின் மகள்வயிற்றுப் பேத்தி. நீலம் பாய்ந்து, பின் எப்படியோ தேறிய குழந்தைகளும் உண்டு. அவற்றின் தொகையை நான் உறுதியாகச் சொல்ல இயலாது. பெயர் கெடும் என்று பல வீடுகளில் மறைத்துவிடுகிறார்கள்.

5. பெயர் கெடும் என்று எழுதியதற்கு விளக்கம் தேவை. நீலம் பாய்ந்த குழந்தைகள் யாவும் எங்கள் ஊரிலிருந்து வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள், தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்து பெற்ற குழந்தைகள். வெளியூரிலிருந்து எங்கள் ஊருக்கு வாழவந்த மருமகள்களின் குழந்தைகளில் ஒன்றுக்குக்கூட இது வந்ததில்லை. இதைக் கண்டு ஊரார், இது எங்கள் ஊர்ப் பெண் மக்களின்மேல் விழுந்த சாபம் என்று முடிவு கட்டினார்கள். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசைதோறும் வண்டி கட்டிப் போய்ப் பொங்கலிட்டார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை கூறவில்லை. என் மனைவியும் போனாள். ஆனால் செய்தி சுற்றுப்புறமெல்லாம் பரவி, இப்போது எங்கள் ஊரில் பெண் எடுக்கவே தயங்குகிறார்கள். பரிசம் போட்ட பிறகு கைவிட்டுப்போன சம்பந்தமும் உண்டு.

6. புதுச்சேரியில் ஒரு குழந்தை மருத்துவர் சொன்ன பிறகே எனக்கு இதன் காரணம் விளங்கிற்று. இந்நோய் பெரும்பாலும் பிறந்து மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைத்தான் தாக்குமாம். எங்கள் வழக்கப்படி மகள் எங்கள் வீட்டில் பெற்று, ஐந்தாம் மாதம்வரை இங்கேயே இருக்கிறாள். மருமகள் அவளுடைய தாய்வீட்டில் பெற்று, ஐந்தாம் மாதம் குழந்தையோடு இங்கே வருகிறாள். ஆக, மகளின் குழந்தை ஆபத்தான மாதங்களில் எங்கள் தண்ணீரைக் குடிக்கிறது. மருமகளின் குழந்தை ஆபத்து நீங்கிய பின் குடிக்கிறது. சாபம் என்று நாங்கள் எண்ணியது எங்கள் வழக்கமும் எங்கள் கிணறும் சேர்ந்து செய்தது.

7. இனி என் வீட்டு விஷயம். கோலியனூரில் வாழ்க்கைப்பட்ட என் மகள் அம்சா இவ்வாண்டு பங்குனியில் எங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். பிரசவத்துக்குப் பின் கடுங்காய்ச்சல் கண்டு அவளுக்குப் பால் வற்றிவிட்டது. தாய்சேய் நல விடுதியில் இலவசமாகக் கொடுக்கும் பால்பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குழந்தைக்கு ஊட்டினோம்.

8. அச்சமயம் சுகாதார இன்ஸ்பெக்டரின் உத்தரவுப்படி, தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்று ஊரில் தமுக்கு அடித்துச் சொல்லியிருந்தார்கள். என் முந்தைய மனுக்களுக்கு வந்த பதில்களும் அதையே கூறின: தண்ணீர் சோதிக்கப்பட்டது, கிருமி எதுவும் இல்லை, குடிக்கத் தகுந்தது, எனினும் கொதிக்க வைத்துப் பருகவும். என் மகள் பள்ளியிறுதி வகுப்பு படித்தவள். சொன்னதைச் சொன்னபடி செய்பவள். ஊரில் பல வீடுகளில் தண்ணீரைச் சூடு காட்டி இறக்கிவிடுவார்கள். அவளோ பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி, வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஆற்றிக் கொடுத்தாள். மூன்றாம் வாரம் குழந்தையின் உதடு நீலமாயிற்று.

9. காலைப் பஸ்ஸில் குழந்தையைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். அங்குள்ள மருத்துவர் குழந்தையின் இரத்தத்தை ஊசியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பழம்புளியைக் கரைத்த நிறத்தில் இருந்தது. பிறகு நீல நிற மருந்து ஒன்றை இரத்தக் குழாயில் செலுத்தினார். நீலம் பாய்ந்த குழந்தைக்கு நீல மருந்தா என்று என் மனைவி அழுதாள். ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையின் வாய் சிவந்தது. இவை நான் நேரில் கண்டவை.

10. மருத்துவர் எங்களிடம் எந்தத் தண்ணீர், எப்படிக் கொடுத்தீர்கள் என்று விசாரித்தார். என் மகள், தான் எவ்வளவு நேரம் காய்ச்சினாள் என்பதை ஒளிக்காமல், சற்றுப் பெருமையாகவே சொன்னாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவர் கூறியதன் சாரம் இது: மாட்டுக் கழிவு ஊறிய நிலத்து நீரில் நைட்ரேட் என்னும் உப்பு, வெடியுப்பின் இனத்தைச் சேர்ந்தது, கரைந்திருக்கக்கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. பெரியவர்களை அது உடனே ஒன்றும் செய்வதில்லை. பச்சிளங்குழந்தையின் வயிற்றில் சேர்ந்தால், இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும். கிருமிக்காகச் செய்யும் சோதனையில் அது தெரியாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு சாகாது. நீர் சுண்டச் சுண்ட உப்பு கூடும்.

11. இதைக் கேட்டு வீடு திரும்பினோம். திண்டிவனத்தில் பஸ் மாறும்போது என் மகள் என்னிடம் சொன்னதை அவள் சொற்களிலேயே தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்: "மத்தவங்க மாதிரி சோம்பேறியா இருந்திருந்தா என் கொழந்த நல்லாருந்திருக்கும் இல்லப்பா? நாந்தான் அடுப்ப விட்டு எழுந்துக்காம காச்சிக் காச்சிக் குடுத்தேன்." ஐயா, அவள் செய்தது அரசின் உத்தரவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியது மட்டுமே.

12. மருந்து அன்றைக்கு மட்டுமே காக்கும். அதே தண்ணீர் கொடுத்தால் மறுபடியும் நீலம் வரும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். கோலியனூரிலுள்ள சம்பந்தி வீட்டார், நீலம் பாய்ந்த குழந்தை ஐந்து மாதம் நிறைந்து தேறாமல் தங்கள் வாசற்படி ஏறக்கூடாது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் மாதம் ஆடியில் வருகிறது. ஆடியில் அழைத்துப்போக மாட்டார்கள். ஆகவே ஆவணிவரை குழந்தை எங்கள் ஊரில்தான் இருந்தாக வேண்டும். திண்டிவனத்தில் வாடகை வீடு பார்த்திருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். என்னால் அது இயலும், அதையும் யோசித்தேன். இயலாத வீடுகளைப் பற்றிப் பின்வரும் பத்தி ஒன்றில் சொல்கிறேன்.

13. எங்கள் ஊருக்குத் தெற்கே, ஏரியின் மிகைநீர் வழியும் கலங்கலுக்குக் கீழே, காலனி இருக்கிறது. அங்கு வாழும் கிறிஸ்தவக் குடும்பங்கள் எங்கள் நிலங்களில் கூலி வேலை செய்து பிழைப்பவர்கள். அவர்களுக்கென்று ஒரு பழைய கிணறு உண்டு. சுற்றுச்சுவர் இல்லை, தளம் இல்லை, மழைக்காலத்தில் கலங்கும். ஆனால் அந்தக் காலனியில் ஒரு குழந்தைக்கும் நீலம் பாய்ந்ததில்லை. இதை நான் வீடு வீடாக விசாரித்து அறிந்தேன். காரணம் என் ஊகமே: அவர்களுக்கு என்றைக்கும் மந்தை இருந்ததில்லை, ஆகவே அவர்கள் மண்ணில் ஊறுவதற்கு ஒன்றும் இல்லை. எங்கள் மாடுகள் எங்கள் செல்வமாயிருந்தன. அந்தச் செல்வத்தின் கழிவு எங்கள் கிணற்றில் இறங்கியிருக்கிறது.

14. புதுச்சேரியிலிருந்து திரும்பிய மறுநாள் முதல் என் பேத்தி காலனிக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்த பாலைக் குடித்து வருகிறாள். அக்காலனியைச் சேர்ந்த ராயப்பன் என்பவரின் மனைவி அம்மணி, காலையில் எங்கள் மாட்டுத் தொழுவம் கூட்ட வரும்போது, புல்லுக்கட்டுக்குள் ஒரு தூக்குவாளியை வைத்துக் கொண்டுவருகிறார். தொழுவத்து வழியாக அது எங்கள் அடுக்களைக்கு வருகிறது. அந்த நீரில் கிருமி இருக்கலாமென்பதால் அளவாகக் கொதிக்க வைத்தே கொடுக்கிறோம். குழந்தை தேறிவிட்டது. உதடு சிவப்பாக இருக்கிறது. இதை இதுவரை என் வீட்டாரும் அம்மணியின் வீட்டாரும் தவிர எவரும் அறியார். இப்போது தாங்கள் அறிகிறீர்கள்.

15. இச்சூழ்நிலையில்தான் பார்வை ஒன்றில் கண்ட அறிவிப்பு வந்தது. காலனிக் கிணறு பாதுகாப்பற்றது, அதன் நீரில் கிருமி காணப்பட்டது, ஆகவே அதை வரும் ஜூலை முதல் தேதி மண் தள்ளி மூடிவிட வேண்டும். காலனி மக்கள் மந்தைமேட்டுக் கிணற்றில் ஊராரோடு சமமாகத் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. இதன் நோக்கம் உயர்ந்தது. ஒரே ஊரில் இரண்டு கிணறு கூடாது என்னும் கருத்தை எதிர்க்க எனக்கு நியாயமும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் இதன் விளைவு, நீலம் அறியாத குழந்தைகளையும் நீலம் பாயும் தண்ணீருக்கு அழைத்து வருவதாகும். எங்கள் எல்லோருக்கும் எட்டும் தொலைவிலுள்ள ஒரே நல்ல தண்ணீரை மண்ணால் மூடுவதாகும்.

16. இங்கே என் நிலையைத் தாங்கள் கருணையோடு பார்க்க வேண்டும். இந்த உத்தரவை எதிர்த்து ஊர்க்காரன் ஒருவன் மனுச் செய்தால், காலனி மக்களை ஊர்க் கிணற்றுக்கு வரவிடாமல் தடுக்கும் சூழ்ச்சி என்றே எந்த அதிகாரியும் முதலில் நினைப்பார். நினைப்பதில் தவறில்லை, அவ்வாறான மனுக்கள் பலவற்றை நானே நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன். அந்த ஐயத்தை நீக்க வேண்டுமானால், காலனித் தண்ணீர் நல்லது என்பதற்கு நான் சாட்சியம் காட்ட வேண்டும். என்னிடமுள்ள சாட்சியம் என் பேத்தியின் உதடு ஒன்றே. அதைக் காட்டினால், என் வீட்டில் காலனித் தண்ணீர் புழங்குகிறது என்பதை ஊருக்கு எழுதிக் கொடுத்தவனாகிறேன். காட்டாமல் விட்டால் கிணறு மூடப்படும். எப்பக்கம் திரும்பினாலும் சுவர் இருக்கிறது.

17. ஊரின் மனநிலையை அறிய, என் வீட்டு விஷயத்தைச் சொல்லாமல், பஞ்சாயத்துத் தலைவர் முருகையனிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். கைக்குழந்தைகளுக்கு மட்டும் காலனிக் கிணற்றில் ஒரு குடம் எடுத்தால் என்ன என்றேன். அவர் மேல்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "கொழந்த போனா அழுதுட்டு எழுந்துடலாம் வக்கீலண்ணே. சேரித் தண்ணி குடிச்சா ஊருல எழுந்து நிக்க முடியுமா? எம் பேத்தி பேர்ல சொல்றேன், இந்தப் பேச்ச வெளிய எடுக்காதீங்க" என்றார். இதை அவர் கல்நெஞ்சால் சொன்னார் என்று தாங்கள் எண்ணிவிடக்கூடாது. இறந்த பேத்தியைக் குறிப்பிட்டபோது அவர் அந்தத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் காலனி மக்கள் எங்கள் கிணற்றுக்கு வருவதைத் தடுப்பவரைத் தண்டிக்கிறது. நாங்கள் அவர்கள் கிணற்றுக்குப் போகவிடாமல் எங்களையே தடுக்கும் எங்கள் மனத்தைத் தண்டிக்க அதில் பிரிவு ஒன்றும் இல்லை.

18. காலனியாரும் எளிதாக இணங்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிணறு மூடப்படாமல் இருக்க மனுச் செய்கிறேன், ஊர்க் குழந்தைகளுக்கும் அதிலிருந்து தண்ணீர் கேட்கப்போகிறேன் என்று ராயப்பனிடம் கூறியபோது அவர் சொன்னதாவது: "குடுக்கறதுக்கு என்னங்க, தண்ணி பூமி குடுக்குது. ஆனா ஊருக்காரங்க வந்து எறைக்க ஆரம்பிச்சிட்டா, இன்னைக்கு ஒரு கொடம்பீங்க. நாளைக்கு எங்க கொடத்த ஓரமா வைய்ன்னுவீங்க. அப்பறம் எங்களுக்கு மேட்டுக் கெணறும் இல்ல, பள்ளத்துக் கெணறும் இல்ல. வாயால சொல்லாதீங்க ஐயா. சர்க்கார் கையால எழுதி வாங்கிக்கினு வாங்க." தொழில் அனுபவத்தில் இதைவிடத் தெளிவான நிபந்தனையை எந்தக் கட்சிக்காரரும் எனக்குச் சொன்னதில்லை. நான் மனுவில் அம்மணியின் பெயரை எழுதலாமா என்று கேட்டதற்கு ராயப்பன் சிரித்துவிட்டு, "வக்கீல் வூட்டுப் பாப்பா எங்க சேரித் தண்ணியில செவந்து கெடக்குது. வெளிய சொன்னா மறுபடி கறுத்துடுமா? எழுதுங்க" என்றார். அந்தச் சிரிப்பில் எனக்குரிய பங்கை நான் பெற்றுக்கொண்டேன்.

19. இனி, இயலாத வீடுகளைப் பற்றி. நாலாம் பத்தியில் குறிப்பிட்ட செண்பகம், முதல் குழந்தையை இழந்தவள், இப்போது மீண்டும் நிறைமாதமாகத் தாய்வீடு வந்திருக்கிறாள். புருஷன் வீட்டார் இம்முறை இங்கே அனுப்ப மறுத்தும், மகளுக்குத் தலைப்பிள்ளை போன துக்கத்தில் பிடிவாதமாகக் கெங்கம்மாள்தான் அழைத்து வந்தார். அவருக்குத் திண்டிவனத்தில் வீடு பார்க்க வழியில்லை. தாய்ப்பால் இருந்தாலும் எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பார்கள். உரைமருந்து இழைத்துப் புகட்டுவார்கள். வெயில் காலத்தில் தாகத்துக்கென்று தண்ணீரும் ஊட்டுவார்கள். எல்லாம் மந்தைமேட்டுத் தண்ணீர்தான். சென்ற முறை செண்பகத்தின் குழந்தை தாய்ப்பால் குடித்த குழந்தையே.

20. சென்ற வாரம் கெங்கம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து, தூளியிலிருந்த என் பேத்தியைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "தம்பி, எம் பேரன் நீலமா போனான். தலைவரு பேத்தி நீலமா போச்சி. உம் பேத்தியும் போச்சின்னு பாண்டிச்சேரிக்கு ஓடின. இப்ப வாய் வெத்தல போட்டாப்ல செவந்திருக்குது. என்ன தண்ணிப்பா குடுக்கற?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. என் மனைவி பேச்சை மாற்றினாள். கெங்கம்மாள் முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டுப் போனார். நீதிமன்றத்தில் விடை தெரிந்தும் வாய் திறவாத சாட்சிகளை நான் குறுக்கு விசாரணை செய்து பழகியவன். அன்று என்னைக் குறுக்கு விசாரணை செய்ய ஒருவரும் தேவைப்படவில்லை.

21. நான் கூறியவை நிரூபணம் ஆகமாட்டா என்பதை உணர்கிறேன். புதுச்சேரி மருத்துவர் குழந்தையின் இரத்தத்துக்குச் சான்று தர முடியும். பார்க்காத கிணற்றுக்குச் சான்று தர முடியாது என்றார். அது முறையே. ஆகையால் நான் யாரையும் குற்றவாளியாக்கக் கேட்கவில்லை. கிணறு வெட்டியவர்கள் காலராவை ஓட்டவே வெட்டினார்கள். கொதிக்க வைக்கச் சொன்னவர்கள் கிருமியை எண்ணியே சொன்னார்கள். காலனிக் கிணற்று நீருக்குக் கொதிக்க வைப்பதே பரிகாரம். மந்தைமேட்டு நீருக்குக் கொதிக்க வைப்பதே கேடு. ஒரே உத்தரவு இரண்டு கிணற்றுக்கும் பொருந்தாது என்பதே என் வாதம்.

22. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து, முதலாவதாக, காலனிக் கிணற்றை மூடும் உத்தரவை உடனே நிறுத்திவைக்க வேண்டும். இதற்கு மட்டும் காலக்கெடு இருக்கிறது. மூடிய கிணற்றைப் பிறகு தோண்டலாம், ஆனால் அதுவரை குழந்தைகள் காத்திரா. அடுத்து, இரண்டு கிணற்று நீரையும் கிருமிக்காக மட்டுமன்றி, நைட்ரேட் உப்புக்காகவும் சென்னையிலுள்ள அரசுப் பரிசோதனைக் கூடத்தில் சோதிக்க ஆணையிட வேண்டும். அச்சோதனை முடியும்வரை, கைக்குழந்தைகளுக்கு மந்தைமேட்டு நீரைக் கொதிக்க வைத்தும் கொடுக்கக்கூடாது என்று, முன்பு சொன்ன அதே தமுக்கால் ஊரில் அறிவிக்க வேண்டும். அத்துடன் தாய்சேய் நல விடுதியில் பால்பவுடர் கொடுக்கும்போது இன்ன தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று சொல்லியனுப்பவும் உத்தரவிட வேண்டும்.

23. காலனிக் கிணற்றிலிருந்து ஊர்க் கைக்குழந்தைகளுக்குத் தண்ணீர் பெறுவதற்கு அனுமதிக்கும்போது, அக்கிணறு காலனி மக்களுக்கே முதல் உரிமையானது, எடுக்கும் முறையையும் நேரத்தையும் அவர்களே தீர்மானிப்பர், ஊரார் எவரும் அவர்கள் குடத்தை ஒதுக்கி வைக்க இடமில்லை என்று தங்கள் கையொப்பத்துடன் எழுத்து மூலம் வழங்க வேண்டும். மந்தைமேட்டுக் கிணற்றில் அவர்களுக்குள்ள சட்டபூர்வமான உரிமை இதனால் ஓர் அணுவளவும் குறையாது என்பதும் அதே ஆணையில் இடம்பெற வேண்டும். இந்த வாசகத்தை ராயப்பனுக்குப் படித்துக் காட்டி, அவர் சம்மதித்த பிறகே இங்கே எழுதியிருக்கிறேன். அந்தக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும் தளமும் கட்டித் தருவது அரசின் கருணையைப் பொறுத்தது.

24. இம்மனுவுடன் இரண்டு புட்டிகள் அரக்கு முத்திரையிட்டு வைக்கப்பட்டுள்ளன. 'அ' என்பது மந்தைமேட்டுக் கிணற்று நீர். 'ஆ' என்பது காலனிக் கிணற்று நீர். பார்வைக்கு 'அ' புட்டியே தெளிவாகத் தோன்றும். அதனால்தான் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

25. இதை முடித்துக் கையொப்பமிடுமுன் என் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் பெயரையும் சம்பந்தி ஊரின் பெயரையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானும் சாட்சியாகக் கையெழுத்திட்டிருக்கிறாள். தபாலில் சேர்க்குமுன் இதன் நகலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், கெங்கம்மாளுக்கு எழுத்தறிவில்லை ஆதலால், பதினான்காம் பத்தியை நானே அவருக்கும் செண்பகத்துக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். அவர் கேட்ட கேள்விக்கு அதுவே என் பதில். அதைக் கேட்ட பின் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறுவாரா, அல்லது நாளைக் காலை தூக்குவாளியோடு தொழுவத்துப் பக்கம் வருவாரா என்பது எனக்குத் தெரியாது. வந்தால் அவர் கையில் கொடுப்பதற்குத் தண்ணீர் இருக்க வேண்டும், ஐயா. அது ஜூலை முதல் தேதிக்குப் பிறகும் இருப்பது தங்கள் ஒரு வரி ஆணையில் இருக்கிறது. அந்த ஒரு வரிக்காக, இரு கிணற்றுக் குழந்தைகளின் பேரிலும் காத்திருக்கிறேன்.

இடம்: நொச்சித்தாங்கல்
நாள்: 14-6-1965

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) ம. சக்கரபாணி

சாட்சி: (ஒப்பம்) ச. அம்சா
சாட்சி: ராயப்பன், இடது கைப் பெருவிரல் ரேகை

இணைப்பு: மருத்துவர் சான்று ஒன்று, முந்தைய பதில்களின் நகல்கள், நீர்ப் புட்டிகள் இரண்டு, 'அ' மற்றும் 'ஆ'.

நகல்: பஞ்சாயத்துத் தலைவர் திரு. முருகையன் அவர்களுக்கு, ஊர்ச் சாவடிச் சுவரில் ஒட்டும்படி கேட்டுக்கொண்டு. அவர் ஒட்ட மறுத்தால் நானே ஒட்டுவேன்.